கொம்பு முறிந்த மூலை

அத்தியாயம் 11

மாமியாரிடம் அனுமதி வாங்குவது குதிரையை நெருங்குவது போன்ற காரியம். பின்னாலிருந்து போனால் உதை நிச்சயம். கனிஷாய் நேருக்கு நேராகவே போய், மூன்று நாள் கெஞ்சி, ஊசிக் கம்பளிப் பயிற்சிக்குப் போக ஊல்கானிடம் தலையாட்டல் வாங்கினாள்.

முதலில் ஒற்றைக்காலில் நின்ற ஊல்கான் கடைசியில் ஏன் இறங்கி வந்தாள் என்று அவளுக்குப் புரியவில்லை. "போய்த் தொலை. ஆனா அந்த டவுன்காரிகிட்ட நம்ம வீட்டுக் கதை ஒண்ணும் அளக்காத" என்று மட்டும் சொன்னாள் மாமியார். எல்லா மாமியாரும் சொல்வதுதானே என்று கனிஷாயும் விட்டுவிட்டாள்.

இந்த வாரம்தான் கதைக்குள் வருகிறவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். கனிஷாய் தலாஸ் பக்கத்துப் பெண். ஆறு வருடத்துக்கு முன் அத்-பாஷிக்கு வாழ வந்தவள். கணவன் மிர்லான் நாலு வருடமாக மாஸ்கோவில் லாரி ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் முகம் காட்டுவான், அதுவும் எப்போதும் வண்டிக்குள் இருந்தபடி. போன ஞாயிறுகூட மகளிடம், இங்கே முழங்கால் உயரம் பனி விழுந்து கிடக்கிறது என்றான்.

மகளுக்கு ஐந்து வயது. பெயர் புருல். 'திரும்பு' என்று அர்த்தம். அடுத்ததாவது ஆணாகத் திரும்பட்டும் என்று பெண்குழந்தைக்கு வைக்கிற பெயர் அது, வைத்தவள் ஊல்கான். ஊல்கான் என்ற பெயரும் அதே வேண்டுதல்தான். மகன் வேண்டும் என்று தன் பெயரிலேயே மனுப் போட்டுப் பிறந்தவள் அவள். புருலுக்குப் பிறகு கனிஷாய் வயிற்றில் இரண்டு கலைந்தன. அதற்குமேல் ஆசைப்பட வேண்டாம் என்று நர்யின் ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார்.

இனி இன்றைய கதை.

ஊல்கான் விடிந்ததும் பக்கத்து ஊர்த் துக்க வீட்டுக்குக் கிளம்பிப் போனாள். புருலைப் பள்ளியில் விட்டுவிட்டு கனிஷாய் ஊர் மன்றக் கட்டிடத்துக்கு வந்தாள். அடுப்பில் வறட்டி புகைந்துகொண்டிருந்தது. நீள மேசையைச் சுற்றிப் பத்துப் பெண்கள், ஆளுக்கொரு ஸ்பாஞ்சுத் துண்டு, அதன்மேல் ஒரு பிடி கம்பளி.

பயிற்சி கொடுக்க தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்திருந்தவள் பெரிசாத். இருபத்தைந்து வயது, வெட்டிய கூந்தல், கூச்சம் தெரியாத வாய். அவள் கொண்டுவந்த ஊசி தையல் ஊசி அல்ல. முனைப்பக்கம் பொடிப்பொடியாக முள் செதுக்கிய முள்ளூசி. உருட்டிய கம்பளியில் அதைக் குத்தக் குத்த, இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இறுகும். கழுத்தாகும், காதாகும், கால் ஆகும்.

அத்-பாஷிப் பெண்கள் இதைப் பார்த்து முதல் நாள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கோரைப்பாயில் கம்பளியைப் பரப்பி, வெந்நீர் தெளித்து, சுருட்டி, தெருவே சேர்ந்து மிதித்து, பாளம் பாளமாக எடுக்கிறவர்கள் அவர்கள்.

"எங்கம்மா அம்பது ஆட்டு ரோமத்த ஒரே நாள்ல மிதிச்சுப் போட்ருவா. நீ ஒரு ஆட்டுக்கு மூணு நாள் குத்தச் சொல்றியேம்மா" என்றாள் கீழ்த்தெரு சாபிரா. பெரிசாத்தும் சேர்ந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் ஒரு தகரடப்பாவை எடுத்து மேசை நடுவில் வைத்தாள். உள்ளே ஒரு காந்தம் கிடந்தது.

இந்த ஊசி வைரம்போல, உறுதிதான், ஆனால் சாய்த்தால் படக்கென்று முறியும் என்று விளக்கினாள். நேராகக் குத்த வேண்டும், நேராக எடுக்க வேண்டும். முறிந்தால் அடித்துண்டையும் முனையையும் இந்த டப்பாவில் போட வேண்டும். முனை கிடைக்கவில்லையா, காந்தத்தை வைத்துத் தேட வேண்டும். அப்படியும் கிடைக்கவில்லையா, பொம்மையையே வெட்டிப் பார்க்க வேண்டும்.

"குழந்தைங்க கைக்குப் போற பொருள். முனை கிடைக்காம ஒண்ணுகூட இந்த மேசைய விட்டு எந்திரிக்கக் கூடாது" என்றாள்.

அது முதல் நாள். இன்று ஆறாவது நாள், கடைசி நாள். பகல் பன்னிரண்டரைக்கு வாடகைக் காரில் பெரிசாத் ஊருக்குத் திரும்புகிறாள்.

கனிஷாயின் கிடாயைத்தான் அவள் முதலில் எடுத்துப் பார்த்தாள். உடம்பு, கால், தாடி எல்லாம் முடிந்து, கொம்பு மட்டும் பாக்கி. வெள்ளைக் கம்பளி, பிடித்தால் நிஜ ஆட்டைப் பிடித்த மாதிரி கையில் கனத்தது.

"இது எனக்கு வேணும் அக்கா. பிஷ்கெக்ல எனக்குத் தெரிஞ்சவங்க வீட்டுப் பையன், நாளைக்கு அவனுக்குக் காற்கயிறு அறுக்குற விழா. ஒரு கிடாய் பொம்மை கேட்டிருந்தாங்க. கொம்ப முடிச்சுக் கொடுத்தீங்கன்னா கையோட கொண்டுபோயிருவேன்."

நடக்கப் பழகும் குழந்தையின் இரண்டு கணுக்காலிலும் கறுப்பு வெள்ளைக் கம்பளிக் கயிறு கட்டி, ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தவரை விட்டு அறுக்க வைக்கிற விழா அது. புருலுக்கும் நடந்தது. ஆனால் அன்றைக்கு ஊல்கான் ஆட்டை அறுக்கவில்லை, கோழியோடு நிறுத்திக்கொண்டாள். கனிஷாய்க்கு அது ஞாபகம் வந்தது. வந்ததும் மறந்தும் போனது, ஏனென்றால் தன் கைவேலை முதல்முதலாக ஊர் தாண்டப்போகிறது என்ற சந்தோஷம் அவளுக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது.

"பையனைப் பாருங்க" என்று பெரிசாத் போனை நீட்டினாள். "இவங்க வீட்டு விரிப்பப் பாத்துதான் நான் உங்க ஊருக்கே வந்தேன். அவங்க வீட்டுக்காரர் ஊரு இதுதானாம். ஊர் பேரச் சொன்னாங்க, ஆள் பேரு மட்டும் சொல்லல. இது யார் கைவேலை, உங்கள்ல யாருக்காவது தெரியுதா?"

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

பத்துப் பதினொரு மாதப் பையன். மோதிரம் போட்ட ஒரு பெண்ணின் கைகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கன்னம் இரண்டும் ஆப்பிள். கனிஷாய் முதலில் பையனைத்தான் பார்த்தாள், சிரித்தாள்கூட. பிறகு அவன் நிற்கிற விரிப்பைப் பார்த்தாள்.

கறுப்புப் பாளத்தில் சிவப்பு ஆட்டுக்கொம்பு. நாலு மூலைக்கும் நாலு ஜோடி.

இவள் வீட்டு நடுக்கூடத்தில் கிடப்பது சிவப்புப் பாளத்தில் கறுப்புக் கொம்பு.

ஷிர்தாக் விரிப்பு எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு நிறப் பாளங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, சோப்புத் துண்டால் வரைந்து, ஒரே கத்தியால் ஒரே வெட்டு. சிவப்பிலிருந்து விழுந்த கொம்பு கறுப்பில் உட்காரும், கறுப்பிலிருந்து விழுந்தது சிவப்பில் உட்காரும். துண்டு துணுக்கு எதுவும் வீணாகாது. ஆகவே எந்த விரிப்புக்கும் எங்கேயோ ஒரு ஜோடி உண்டு.

சிவப்பு கறுப்பு விரிப்பு உலகத்தில் ஆயிரம் இருக்கும் என்று கனிஷாய் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே கண்ணை இடது கீழ் மூலைக்குக் கொண்டுபோனாள்.

அந்த மூலையில் ஒரு கொம்புக்கு நுனி இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் இதே மாதம் அந்த நுனியை வெட்டியவள் அவள்தான். புருலின் சீருக்கு என்று சொல்லி ஊல்கான் பாளம் விரித்தாள். மூன்று மூலை வெட்டி முடித்தபோது மாடு கன்று போடக் கத்தியது, கொட்டகைக்கு ஓடினாள். வெட்டிப் பழகும் ஆசையில் கனிஷாய் கத்தியை எடுத்தாள். நாலாவது மூலையில் கை வழுக்கியது. மேல் பாளத்தில் விழுந்த தப்பு கீழ்ப் பாளத்திலும் அப்படியே விழுந்தது. இந்த வேலையில் தப்புகூடத் தனியாகப் பிறப்பதில்லை.

ஊல்கான் அன்று திட்டவே இல்லை. அதுதான் ஆச்சரியம். இரண்டில் ஒன்றை வீட்டில் போட்டாள். மற்றதை எல்லைக்குப் போகிற லாரிக்காரனிடம் தள்ளிவிட்டதாகச் சொன்னாள்.

கனிஷாய் நிமிர்ந்து பார்த்தாள். மேசையைச் சுற்றி யாரும் அவளைப் பார்க்கவில்லை. ஒன்பது பெண்களுக்கும் திடீரென்று அவரவர் கம்பளியில் அவ்வளவு வேலை இருந்தது. "டீ கொதிச்சிருச்சு போல" என்று சாபிரா எழுந்தாள். அடுப்பில் கெண்டியே இல்லை.

அப்போது அவளுக்குப் புரிந்தது. விரிப்பு சொன்னதைவிட அந்தப் பேச்சின்மை அதிகம் சொன்னது. எல்லாருக்கும் தெரியும். அவளைத் தவிர எல்லாருக்கும், இரண்டு வருடமாகத் தெரியும்.

"அந்தப் பொண்ணு பேரென்ன?" என்று கேட்டாள்.

"மேரிம்" என்றாள் பெரிசாத். "ரொம்ப நல்ல மாதிரி. ஏன் அக்கா, தெரிஞ்சவங்களா?"

"இல்ல. கொம்ப முடிச்சிர்றேன்."

உட்கார்ந்து குத்தினாள். முதலில் நேராகத்தான் குத்தினாள். தன் கணவனுடைய மகனுக்கு, தன் கையால், விளையாட்டுப் பொம்மைக்குக் கொம்பு வைத்துக்கொண்டிருக்கிறோம் என்பது மெல்ல மெல்ல மண்டையில் ஏறியது. அதன்பிறகு நேராகக் குத்தவில்லை. இடது கொம்பின் அடியில் ஊசி உள்ளே போனது, கை சாய்ந்தது, ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

வெளியே வந்த ஊசிக்கு முனை இல்லை. அரை நகம் நீளம் உள்ளே தங்கிவிட்டது.

டப்பா ஒரு கை தூரத்தில் இருந்தது. காந்தம் அதற்குள் இருந்தது. வாயைத் திறந்து "ஒடஞ்சிருச்சு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பத்து வாரமாக இவளோடு கூட வருகிறவர்களுக்குத் தெரியும், கோழி அறுக்கக்கூட அடுத்த வீட்டை அழைக்கிறவள் இந்தக் கனிஷாய். அவள்தான் அடித்துண்டைச் சட்டைக் கைக்குள் தள்ளிக்கொண்டாள். வேறு ஊசி எடுத்தாள். ஒரு இணுக்குக் கம்பளியை வைத்து அந்த இடத்தை மூடிக் குத்தினாள்.

"முடிஞ்சுதா அக்கா?"

"முடிஞ்சுது."

பெரிசாத் கிடாயைத் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். போகும்போது எல்லாரையும் கட்டிப்பிடித்தாள், கனிஷாயைக் கொஞ்சம் அதிக நேரம். உங்கள் கைக்குத் தனி அழகு இருக்கிறது என்றாள். கார் பாலத்தைத் தாண்டி நர்யின் ரோட்டில் ஏறுகிறவரை கனிஷாய் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பின்னாலேயே சாபிரா வந்தாள். நாலு வீடு வரை கூடவே நடந்தாள்.

"நான்தான் அதத் தைச்சேன்" என்றாள் கடைசியில். "உங்க மாமியா பாளத்த எங்க வீட்டுல கொண்டுவந்து போட்டா. எதுக்குன்னு சொல்லித்தான் போட்டா. மசூதி நிக்காஹ்தான், ஆபீஸ்ல கையெழுத்து ஒண்ணும் கிடையாது."

"ரெண்டு வருஷமா என் வீட்டுல டீ குடிச்சீங்களே அக்கா."

சாபிரா தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "உன் முகத்தப் பாக்கறப்பல்லாம் சொல்லணும்னு வரும். டீயோட சேத்து முழுங்கிருவேன்" என்றாள். அழுதாள் என்றுகூடச் சொல்லலாம். கனிஷாய் அவளைத் தேற்ற நிற்கவில்லை, விறுவிறுவென்று நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு விரிப்பு, மெத்தை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு நடுக்கூடத்து விரிப்பின் இடது கீழ் மூலையில் உட்கார்ந்தாள். கறுப்புக் கொம்பு, நுனி இல்லை. அதைத் தடவிப் பார்த்தாள். இரண்டு வருடமாக இதன்மேல்தான் உட்கார்ந்து சாப்பிட்டாள், மகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள், ஞாயிற்றுக்கிழமை போனுக்காகக் காத்திருந்தாள்.

மணி இரண்டு. கார் தொலோன் கணவாய் ஏறிக்கொண்டிருக்கும்.

நினைக்கக்கூடாது என்று நினைத்தாள், ஆனால் மனசு காரோடுதான் போனது. பைக்குள் தாள், தாளுக்குள் கிடாய், கிடாய்க்குள் ஊசி. போகட்டும் என்றது மனசு. என் வீட்டில் ஊசி வைத்தார்களே, ரெண்டு வருடமாக நான் அதன்மேலேயே படுத்திருந்தேனே, அவர்களும் கொஞ்சம் தெரிந்துகொள்ளட்டும். இப்படி ஒரு மனசு தனக்குள் இருப்பது அவளுக்கே இன்றுதான் தெரியும். பயமாக இருந்தது, ஆனால் எழுந்திருக்கவில்லை.

மூன்றரைக்கு எழுந்து பள்ளிக்குப் போய் மகளை அழைத்துவந்தாள். கார் இந்நேரம் கொச்கோர் தாண்டியிருக்கும். மாட்டைக் கறந்தாள். அடுப்பு மூட்டினாள். கார் பூம் பள்ளத்தாக்கில் இறங்கியிருக்கும்.

இருட்டுகிற நேரத்துக்கு ஊல்கான் வந்தாள். துக்க வீட்டில் கொடுத்தனுப்பிய ரொட்டியும், வழக்கப்படி அவள் பங்குக்கு வந்த எலும்புக்கறியும் பையில் இருந்தன. கறியில் நல்ல துண்டாகப் பிய்த்துப் புருல் கையில் கொடுத்தாள். கெட்டவள் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட முடிந்தால் எழுதுகிறவனுக்கும் சுலபம், படிக்கிறவர்களுக்கும் சுலபம். ஆனால் அந்தக் கிழவி பேத்திக்குக் கொழுப்பில்லாத துண்டாகப் பார்த்துத்தான் பிய்த்தாள்.

"அபா, இந்த விரிப்போட ஜோடி எங்க?" என்றாள் கனிஷாய். அம்மாவையும் மாமியாரையும் அங்கே 'அபா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"லாரிக்காரன்ட்ட தள்ளிட்டேன்னு சொன்னேன்ல."

"பிஷ்கெக்ல இருக்கு. அதுமேல ஒரு பையன் நிக்கிறான்."

ஊல்கான் குனிந்து பூட்ஸைக் கழற்றினாள். ஒரு காலுக்கே வெகுநேரம் ஆனது.

"யாரு சொன்னா? சாபிராவா?"

"கொம்பு சொல்லிச்சு."

கிழவி மூலையைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். இவ்வளவு கெட்டிக்காரி, இவ்வளவு ரகசியம் காத்தவள், பாளத்தை வீணாக்க மனசு வராமல் ஜோடியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் புதுப்பெண்ணுக்குச் சீராகப் போட்டாள். டவுன் பெண்ணுக்குக் கொம்பைப் பற்றி என்ன தெரியப்போகிறது என்ற தைரியம். பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் காம்பை மறைக்க மறந்துவிட்டாள்.

"உக்காரு" என்றாள்.

கனிஷாய் உட்காரவில்லை.

"எனக்கு ஒரே மகன். டாக்டர் சொன்னத நாம ரெண்டு பேரும் ஒரே பெஞ்சில உக்காந்துதான் கேட்டோம். நான் என்ன பண்ணியிருக்கணும்ங்கிற?"

"என்கிட்டச் சொல்லியிருக்கணும்."

"சொன்னா இருந்திருப்பியா?"

கனிஷாய் கதவுப் பக்கம் திரும்பினாள்.

ஊல்கான் குரலைத் தணித்தாள். அவன் மாஸ்கோவில்தான் இருக்கிறான், வருடத்துக்கு ஒருமுறை லீவில் வந்து அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டுப் போகிறான், அவ்வளவுதான் என்றாள். இந்த வீட்டுக்கு மருமகள் என்றால் நீதான், டீ ஊற்றுகிற இடத்தில் உன்னைத் தவிர யாரையும் உட்காரவைக்க மாட்டேன் என்றாள். சத்தியம் வேறு செய்தாள். கனிஷாய் மகளின் கோட்டைக் கொக்கியிலிருந்து எடுப்பதைப் பார்த்ததும் அந்தத் தணிந்த குரல் நின்றது.

"போறதுன்னா போ. வழிய மறிக்கல. பொண்ணு எங்க ரத்தம், அது இங்கதான் இருக்கும். தலாஸ்ல உங்கண்ணன் வீட்டு மூலையில உனக்கே எடம் கிடையாது, அதையும் இழுத்துட்டு எங்க போவ?"

கோட்டு கனிஷாய் கையிலேயே நின்றது. இதுதான் அவள் ஆறு வருடமாகப் பயந்த வாக்கியம். பெண் போகலாம், பிள்ளை போக முடியாது. ஊர் வழக்கம் அப்படி. சட்டம் வேறு சொல்லும் என்பார்கள், ஆனால் சட்டம் இருப்பது நர்யின் கோர்ட்டில், வழக்கம் இருப்பது தெருமுனையில்.

கார் டோக்மோக் தாண்டியிருக்கும் என்று நினைத்தாள். போகட்டும் என்று இன்னொருமுறை, இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு நினைத்தாள்.

அவள் பேசாமல் நின்றதை ஊல்கான் தப்பாக எடுத்துக்கொண்டாள். அடங்கிவிட்டாள் என்று நினைத்தாள். உள்பையிலிருந்து போனை எடுத்தாள். இந்தப் போனோடுதான் தினமும் சாயங்காலம் மாட்டுக் கொட்டகைக்குப் போவாள். பாட்டி மாட்டோடு பேசுகிறாள் என்று புருல் சொல்லிச் சிரிக்கும்.

"ஒரே ஒரு தடவ பாரு. பாத்தா உனக்கே கோவம் ஆறிரும்."

படம் ஓடியது. பையன் விரிப்பில் உட்கார்ந்து மரக்கரண்டியைக் கடித்துக்கொண்டிருந்தான். வலது காது மடங்கி இருந்தது, புருலுக்கு இருப்பது போலவே. கரண்டியைப் பிடுங்கினால் விரலைக் கடித்தான், விரலை எடுத்தால் சட்டை நுனியைக் கடித்தான்.

"பல்லு முளைக்குது" என்றாள் ஊல்கான். முகம் முழுக்க மலர்ந்துவிட்டது, மறைக்கக்கூடத் தோன்றவில்லை. "எதக் குடுத்தாலும் மொதல்ல வாய்க்குத்தான் போகுது."

புருல் கறித்துண்டோடு வந்து எட்டிப் பார்த்தது. "அது யாரு பாப்பா? எங்காது மாதிரியே இருக்கு" என்றது.

கனிஷாய் மகளின் காதைப் பார்த்தாள், போனில் இருந்த காதைப் பார்த்தாள். கையிலிருந்த கோட்டு கீழே விழுந்தது.

"அபா, நாளைக்கு அவனுக்கு விழா. பெரிசாத் ஒரு கிடாய் பொம்மை கொண்டுபோயிருக்கா. அது நான் செஞ்சது. கொம்புக்கு அடியில ஊசிமுனை ஒடஞ்சு உள்ளயே கெடக்கு."

ஊல்கானுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"தெரியாம ஒடஞ்சதா?"

"ஒடஞ்சது தெரியாம. அனுப்புனது தெரிஞ்சு."

சட்டைக் கைக்குள்ளிருந்து அடித்துண்டை எடுத்து விரிப்பின்மேல் வைத்தாள். கிழவியின் கை அறைவதற்கு ஓங்கியது. கனிஷாய் விலகவில்லை. அறைந்திருந்தால் அவளுக்கு நன்றாகக்கூட இருந்திருக்கும். ஓங்கிய கை பாதியில் நின்று, கீழே இறங்கி, போனைத் தேடியது.

கனிஷாய் தன் போனில் பெரிசாத்தை அழைத்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி அழைத்தாள். அதே குரல், அதே பதில்.

"அவளக் கூப்பிடுங்க அபா. மேரிம."

ஊல்கான் உதட்டைக் கடித்தாள். மருமகள் முன்னால் இன்னொரு மருமகளைக் கூப்பிட வேண்டும். இரண்டு வருடம் கொட்டகையில் கட்டிக் காத்ததை நடுக்கூடத்தில் அவிழ்க்க வேண்டும். எண்ணைத் தேடவில்லை. மனப்பாடமாக அழுத்தினாள். காது மந்தம் என்பதால் அவள் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள், இப்போதும் பழக்கத்தில் அதையே தட்டினாள்.

மணி அடித்தது. நாலு தடவை, ஐந்து தடவை.

"சொல்லுங்க அபா" என்றது ஒரு ஆண் குரல்.

வண்டிச் சத்தம் இல்லை, பனியும் இல்லை. பின்னால் ஏதோ பாத்திரம் கழுவுகிற சத்தம், டிவி, சிரிக்கிற ஒரு குழந்தை. ஆறு மணி நேரப் பயணத் தொலைவில், வெதுவெதுப்பான ஒரு வீட்டில், மிர்லான் பேசிக்கொண்டிருந்தான்.

"பெரிசாத் இப்பத்தான் வந்துட்டுப் போறா. கிடாய விடவே மாட்டேங்கறான் பாருங்க. கொம்பு ரெண்டையும் கடிச்சே துப்பிருவான் போலருக்கு."

போனை அணைக்கத்தான் ஊல்கானின் கை போனது. எதை அணைக்கிறோம் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. கனிஷாய் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

ஆறு வருடத்தில் மாமியார் முன்னால் அந்தப் பெயரை அவள் ஒருமுறைகூட உச்சரித்ததில்லை. இந்த வீட்டு மருமகள் உச்சரிக்கக்கூடாது. 'புருலோட அப்பா'தான்.

"மிர்லான்" என்றாள்.

அந்தப் பக்கம் எல்லாம் நின்றுபோனது. பாத்திரச் சத்தம்கூட.

"அதப் பிள்ள வாயிலருந்து எடு. உள்ள ஊசி இருக்கு."

போன் எங்கேயோ விழுந்த சத்தம் கேட்டது. ஓடுகிற காலடி. ஒரு பெண் என்ன, என்ன என்று கேட்டாள். பிறகு குழந்தை வீறிட்டு அழுதது.

கையிலிருந்த பொம்மையைப் பிடுங்கினாலும் குழந்தை அப்படித்தான் அழும். வேறு காரணத்துக்கும் அப்படித்தான் அழும். இரண்டு பிள்ளைகளின் பாட்டியும், அதில் ஒரு பிள்ளையின் அம்மாவும், நுனி இல்லாத கொம்பின்மேல் மண்டியிட்டு உட்கார்ந்து, அது எந்த அழுகை என்று காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.